மதுரைப் பக்கத்து கூட்ஸ் ஷெட்: எச்ஓ அளவில் கட்டிப் பழசாக்க ஒரு முழு வழிகாட்டி

மாடல் ரயில் கட்டடங்களைப் பழசாக்கச் சொல்லித்தரும் வீடியோக்களில் முக்கால்வாசி இங்கிலாந்துக்காரர்களும் ஜெர்மனிக்காரர்களும் எடுத்தவை. சுவர் அடியில் பச்சைப் பாசி, ஓட்டிலும் பாசி, எங்கே பார்த்தாலும் ஈரக் கறுப்பு. கை நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை அப்படியே நம் ஷெட்டில் இறக்கினால், உசிலம்பட்டிப் பக்கத்துக் கட்டடம் கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போன மாதிரி இருக்கும். கொடைக்கானலில் ரயிலே கிடையாது என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் கட்டடத்தைக் கிழடாக்குவது முதலில் வெயில், அடுத்து புழுதி, அப்புறம் மனுஷக் கை. மழைக்கு நான்காவது இடம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாசிக்கு ஒரு விரலளவு இடம்தான் உண்டு. வெளுப்புக்கும் செம்மண்ணுக்கும் துருவுக்கும்தான் நிறைய. ஷெட்டில் படும் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத இடத்தில் பிரஷ்ஷைக் கொண்டுபோகாதீர்கள்.

எந்த ஷெட்டைக் கட்டுவது

மதுரையில் கூட்ஸ் ஷெட் என்றால் இன்றைக்குக் கூடல்நகர்தான் நினைவுக்கு வரும். முழு ரேக், அதாவது ஒரு சரக்கு ரயிலின் வேகன் வரிசை மொத்தமும், வந்து நிற்கிற இடம். ஆனால் மாடலுக்கு அது சரிப்படாது. எச்ஓ என்பது 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; 14.5 மீட்டர் நீள வேகன் ஒன்று இந்த அளவில் 16.7 செ.மீ. வரும். நாற்பது வேகன் என்று வைத்தாலே 6.7 மீட்டர். வீட்டு ஹாலைத் தாண்டி வராண்டாவுக்குப் போய்விடும்.

மாடலுக்குத் தோதானது கிளைப் பாதையில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் ஷெட். ஓரமாக ஒரு லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதை), அதில் இரண்டு மூன்று வேகன், இந்தப் பக்கம் லாரியோ மாட்டு வண்டியோ, நடுவில் மேடையும் கூரையும். மதுரை–போடிநாயக்கனூர் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1928-ல் திறந்த பாதை. 2010 கடைசி வரை மீட்டர் கேஜாக ஓடியது. அகலப்பாதையாக மாறி 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் மறுபடி ரயில் வந்தது. ஏலக்காய், பருத்தி, உரம், சிமெண்ட் என்று எந்தச் சரக்கை வைத்தாலும் இந்தப் பாதைக்குப் பொருந்தும். கீழே சொல்லப்போகும் ஷெட் எந்த ஒரு ஸ்டேஷனுடைய நகலும் அல்ல. அந்தக் காலத்துச் சின்ன ஷெட்டுகளின் பொதுச் சாயலில் நானே போட்ட அளவு.

கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம், எது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடையில் கிடைக்கிற எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.; அது வெளிநாட்டு 1435 மி.மீ. கேஜுக்கானது. நம் அகலப்பாதை 1676 மி.மீ., கணக்குப்படி 19.3 மி.மீ. வரவேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் 16.5-லேயே ஓட்டுகிறார்கள். தப்பில்லை. மீட்டர் கேஜ் என்றால் 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட கச்சிதம். என் ஓட்டு மீட்டர் கேஜுக்குத்தான். எந்த கேஜாக இருந்தாலும் ஷெட்டின் அளவு மாறாது. மேடை உயரமும் விளிம்பும் மட்டும் மாறும்.

பழைய ஷெட்டுகளை நேரில் பார்த்துப் படம் எடுக்கப் போனால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது மேடைப் பக்கம் போகவேண்டாம். முன்பக்கத்தைவிடக் கூரை முடிகிற இடம், தூண் அடி, கதவு நிலை, தண்ணீர் விழுகிற தரை இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். பின்னால் வண்ணம் அடிக்கும்போது உதவப்போவது அந்தப் படங்கள்தான்.

அளவுகள்

- ஷெட் நீளம் 18 மீட்டர்: மாடலில் 207 மி.மீ. தூணுக்குத் தூண் 3.6 மீட்டராக ஐந்து கண்; ஒரு கண் 41.4 மி.மீ.
- அகலம் 7.5 மீட்டர்: 86 மி.மீ.
- மேடைத் தரையிலிருந்து சுவர் உச்சி 4.2 மீட்டர்: 48 மி.மீ.
- மேடை அகலம் 10.5 மீட்டர்: 121 மி.மீ. இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் வெளியே நீளும்.
- கதவு அகலம் 2.4, உயரம் 2.7 மீட்டர்: 28 மி.மீ., 31 மி.மீ.
- நடு முகடு சுவர் உச்சிக்கு மேல் 1.5 மீட்டர்: 17 மி.மீ.

ஐந்து கண்ணில் மூன்றுக்குச் சுவர் எழுப்பி மூடிய கிடங்காக்குங்கள். மீதி இரண்டு, வெறும் தூணும் கூரையுமாகத் திறந்தே இருக்கட்டும். மூடிய பகுதியில் நனையக்கூடாத சரக்கு, திறந்த பகுதியில் அன்றன்றைக்கே ஏறிவிடும் சரக்கு. பார்க்கவும் நன்றாக இருக்கும். உள்ளே கூரைச் சட்டம் தெரியும். முழுக்க மூடிவிட்டால் உள்வேலை அத்தனையும் வீண்.

வாங்க வேண்டியவை

விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை. சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டு, போர்டு எழுதுகிறவர்கள் வாங்கும் அதே பிவிசி பலகைதான்; துண்டுகளாகவே வாங்கலாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 1:87-ல் 2.6 மி.மீ., ஆக 3 மி.மீ. பலகை கிட்டத்தட்ட நிஜ கனம். தெர்மோகோல் பக்கம் போகாதீர்கள். ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் உருகிவிடும், வெட்டினால் உதிரும்.

கூரைச் சட்டங்களுக்குத் தீக்குச்சி. சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் பக்கத்தில் இருந்துகொண்டு மரக்குச்சியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பானேன்? 2 மி.மீ. குச்சி நிஜத்தில் 17 செ.மீ. கனச் சட்டம். மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு நேரான குச்சிகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டைகளுக்கு ஐஸ் குச்சியைக் கீறலாம்.

தகரத்துக்கு, ஹோட்டலில் பார்சல் தரும் அலுமினியத் தட்டு. சமையலறை ஃபாயில் ரொம்ப மெல்லிசு. இதோடு ஐந்து மி.மீ. திருகு போல்ட் ஒன்று, முழு நீளமும் மரை உள்ளதாக. ஹார்டுவேர் கடையில் எம்5 என்று கேட்டால் தருவார்கள். ஸ்டீல் ஸ்கேல், பேப்பர் கட்டர், உப்புத்தாள், பெவிகால், ஃபெவிக்விக், அக்ரிலிக் வண்ணங்கள், சாக் பேஸ்டல், பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ், தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே. அப்புறம் ஒரு பாக்கெட் கோலமாவு. வெள்ளைக்கல் மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவு என்றால் எறும்பு வந்து ஷெட்டையே காலி செய்துவிடும்.

மேடை

அகலப்பாதையில் சரக்கு மேடை தண்டவாளத் தலையிலிருந்து, அதாவது அதன் மேல்பரப்பிலிருந்து, சுமார் 1.07 மீட்டர், அதாவது 12.3 மி.மீ. மீட்டர் கேஜ் வேகனின் தரை தாழ்வு. அங்கே இந்த எண்ணை நம்பவேண்டாம். உங்கள் வேகனைத் தண்டவாளத்தில் நிறுத்தி, கதவடி உயரத்தை அளந்து, மேடையை அதற்கு இம்மி கீழே நிறுத்துங்கள். மூட்டையோடு நடக்கிற ஆள் வேகனுக்குள் கால் வைக்கும் உயரம் அது. மேடை உயரத்தைத் தளப்பலகையிலிருந்து அளக்காமல் தண்டவாளத் தலையிலிருந்துதான் அளக்கவேண்டும். இந்த இடத்தில்தான் நிறைய பேருக்கு நாலு ஐந்து மி.மீ. பிசகுகிறது.

விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதற்கு உங்களிடம் உள்ளதிலேயே அகலமான வண்டியை ஓட்டிப் பாருங்கள். வண்டிக்கும் விளிம்புக்கும் ஒன்று, ஒன்றரை மி.மீ. இருந்தால் போதும். வளைவில் ஷெட் வைக்காதீர்கள். நீள வண்டியின் நடுப்பகுதி உட்பக்கம் வளைந்து மேடையில் இடிக்கும், முனைகள் வெளிப்பக்கம் நீட்டும்.

மேடைச் சுவர் கருங்கல். மேலூர், யானைமலைப் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. சன்போர்டில் மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலால் கல் வரிகளை அழுத்திப் போடலாம். பலகை மிருது, கோடு நன்றாகப் பதியும். ஒரே அளவு சதுரமாகப் போடாமல் ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுநடுவே சல்லிக்கல் என்று கலந்து போடுங்கள். மேல் விளிம்பில் மட்டும் நீளமான செதுக்கிய கற்கள் வரிசையாக வரட்டும். மூட்டையும் கைவண்டியும் அடிபடுகிற இடத்தில் நல்ல கல்லைத்தான் வைப்பார்கள். மேடை முனையில் சரிவு, ஆறுக்கு ஒன்று: 12.3 மி.மீ. இறங்க 74 மி.மீ. நீளம்.

சுவரும் கதவும்

சுவர்களை வெட்டி, கதவு இடங்களை எடுத்துவிட்டு, ஒட்டும் முன்பே மேற்பரப்பு வேலையை முடித்துவிடுங்கள். நின்ற சுவரில் வேலை செய்வது கஷ்டம்.

செங்கல் ஒன்று இந்த அளவில் 2.6 மி.மீ. நீளம், 0.86 மி.மீ. உயரம். முழுச் சுவருக்கும் செங்கல் கீறினால் ஆயுசு போதாது, தேவையும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் கீறுங்கள். எங்கே உதிரும்? கதவு நிலையின் ஓரத்தில், மூட்டை இடிக்கிற உயரத்தில். ஓதம் ஏறுகிற அடிச்சுவரில். கூரைச் சட்டம் சுவரில் புகுகிற மூலையில். இந்த மூன்றைத் தவிர வேறெங்கும் பெரிதாக உதிரவேண்டாம். சுவர் நடுவில் அழகுக்காக ஒரு செங்கல் திட்டு வைக்கிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

பூச்சுக்கு, கோலமாவை வேட்டித் துணியில் சலித்து, அக்ரிலிக் வெள்ளையில் கொஞ்சம் கலந்து, தட்டைப் பிரஷ்ஷால் ஒரு கோட் அடியுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் கைக்கரண்டி போட்ட சுவர் மாதிரி மேடு பள்ளம் நிற்கும். சுவரின் இரு பக்கமும் பெயிண்ட் அடிக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை என்றால் நிச்சயம் வளையும். சன்போர்டும் மொட்டைமாடி அறைச் சூட்டில் வளைகிறது.

கதவுகள் இழுத்து மூடுகிற மரக்கதவுகள். ஐஸ் குச்சிப் பட்டைகளை நெடுக்காக வைத்து, குறுக்கே இரண்டு, சாய்வாக ஒன்று. ஒரு கதவையாவது பாதி திறந்து ஒட்டுங்கள்.

தூணும் கூரைச் சட்டமும்

ரயில்வேக்காரர்கள் பழைய தண்டவாளத்தை எறிவதில்லை. வேலிக் கம்பம், போர்டு தாங்கி, விளக்குக் கம்பம், கூரைத் தூண் என்று எல்லாவற்றிலும் ஒரு தண்டவாளத் துண்டு நிற்கும். திறந்த கண்களுக்குத் தூணாக நாமும் தண்டவாளத்தையே நிறுத்தலாம், அதுவும் மாடல் தண்டவாளத்தையே. கோட் என்பது மாடல் தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்லும் எண்; கோட் 55 தண்டவாளம் 1.4 மி.மீ. உயரம், நிஜத்தில் 12 செ.மீ. அளவு, பழைய மீட்டர் கேஜ் பாதையின் கெஜத்துக்கு 60 ராத்தல் எடையுள்ள தண்டவாளத்துக்கு இது ரொம்பக் கிட்டே. கோட் 83 என்றால் பதினெட்டு செ.மீ. ஆகிவிடும், தூண் தடித்துத் தெரியும். 58 மி.மீ. நீளத்துக்கு ஹேக்சா பிளேடால் அறுத்து, பத்து மி.மீ. மேடைக்குள் இறக்கி ஒட்டுங்கள். அடியில் ஒரு சின்னச் சதுர சிமெண்ட் கட்டு வையுங்கள்.

ஆறு இடங்களில் முக்கோணச் சட்டம் வேண்டும். ஒரு தாளில் ஒரு சட்டத்தை வரைந்து, மேலே ஓ.எச்.பி. ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) விரித்து, அதன்மேல் தீக்குச்சிகளை ஒட்டிக்கொண்டே போங்கள். ஆறும் அச்சாக வரும், ஷீட்டிலிருந்து உரிந்தும் வரும். கூரை இருபுறமும் சுவரைத் தாண்டி 19 மி.மீ. வெளியே நீளும், அதைத் தாங்க ஒவ்வொரு தூணிலிருந்தும் சுவரிலிருந்தும் சாய்வாக ஒரு கை. கூரையின் ஓரம் தண்டவாளத் தலையிலிருந்து சுமார் 52 மி.மீ. உயரத்தில் நிற்கும். உங்கள் வண்டிகளில் உயரமானதை ஓட்டி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சட்டங்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் 16 மி.மீ. இடைவெளியில் வரட்டும். தகரத்தில் போல்ட் வரிசை வருவதும் இதே கோட்டில்தான்.

தகரம்

ஷெட்டைக் கண்ணுக்கு நிஜமாக்குவது கூரைதான். மேசை மேல் இருக்கிற மாடலை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். அதனால் இங்கே அவசரம் கூடாது.

நிஜத் தகரத்தில் ஒரு நெளிவுக்கு மூன்று அங்குலம், மாடலில் 0.87 மி.மீ. எம்5 போல்ட்டின் மரை இடைவெளி 0.8 மி.மீ. வித்தியாசம் யாருக்கும் தெரியாது. பழைய மவுஸ் பேடின்மேல் அலுமினியத் துண்டை வைத்து, போல்ட்டைப் படுக்கவைத்து, இரு கையாலும் அழுத்தி ஒரே ஓட்டமாக உருட்டுங்கள். மரையின் தடம் வரிவரியாகப் பதியும். திரும்ப உருட்டினால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் கெட்டுவிடும். ஒரு தடவையோடு விட்டுவிடுங்கள். இன்னொன்று: மரை சுற்றிச் சுற்றிப் போவதால் கோடுகள் நேராக விழாது, மூன்று டிகிரி அளவுக்குச் சாய்ந்தே விழும். அலுமினியத்தின் ஓரத்தை வைத்து வெட்டினால் எல்லாத் தகரமும் கோணலாகத் தெரியும். ஸ்கேலை ஒரு நெளிவுக்குள் இருத்தி, அந்தக் கோட்டை நேராக வைத்து வெட்டுங்கள்.

ஒரு தகரம் 3 மீட்டர் நீளம், 34.5 மி.மீ. அகலம் 9 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். கீழ் வரிசையை முதலில் ஒட்டி, மேல் வரிசை அதன்மேல் 1.7 மி.மீ. ஏறி உட்காரவேண்டும், பக்கத்துத் தகரத்தின்மேல் ஒரு நெளிவு ஏறவேண்டும். இரண்டு வரிசையில் முகட்டிலிருந்து ஓரம் வரை வந்துவிடும். ஒட்டும் முன் ஊசியால் பின்பக்கமிருந்து போல்ட் புள்ளிகளைக் குத்துங்கள். இரண்டு தகரத்தின் ஓரம் கொஞ்சம் தூக்கி நிற்கட்டும். ஒன்றை மாற்றிய புதுத் தகரமாக விட்டுவைக்கலாம், பளபளப்பு குறையாமல். வேறொரு இடத்தில் தகரத்துக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒப்பேற்றியது போல் அகல நெளிவுள்ள துண்டு வைத்தாலும் பொருந்தும். அதற்கு நெளிவு 1.7 மி.மீ.

ஃபெவிக்விக்கைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, கொஞ்சங்கொஞ்சமாக ஒட்டினால் பிரச்சினை இல்லை. அலுமினியத்தில் நேராக அக்ரிலிக் பிடிக்காது, உரிந்து வரும். மெட்டல் பிரைமர் ஒரு மெல்லிய கோட் அவசியம். சர்க்யூட் போர்டு அரிக்கும் கரைசலில் முக்கித் தகரத்தை ஓட்டை போடும் முறை ஒன்று உண்டு. பார்க்க அசத்தும். ஆனால் அலுமினியத்தோடு சேர்ந்தால் கொதித்துப் புகை விடுகிற சமாச்சாரம் அது. குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் வேண்டாம். ஓரத்தைக் கத்தரியால் கிழித்துவிட்டாலே பாதி பலன் கிடைக்கும்.

பழசாக்குதல்

தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் ஷெட்டின் மேல்தோற்றத்தை வரைந்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: தெற்கும் மேற்கும் எந்தப் பக்கம், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தச் சரக்கு எந்தக் கதவில் ஏறி இறங்குகிறது. இந்தப் படம் இல்லாமல் வண்ணம் எடுக்கவேண்டாம்.

முதலில் அடி வண்ணம். சுவர் வெள்ளை என்றால் டப்பா வெள்ளை அல்ல. கொஞ்சம் சந்தனம், துளி பழுப்பு கலந்தது. அடியில் மூன்றடி உயரத்துக்கு, 10 மி.மீ., காவிப் பட்டை. தெற்கு, மேற்குச் சுவர்களில் எல்லா வண்ணத்தையும் ஒரு படி வெளுக்க வையுங்கள்; காவி அங்கே ரோஜா நிறத்துக்கு வந்திருக்கும், கதவின் பச்சை சாம்பல் ஓடியிருக்கும். வடக்குச் சுவரில் அதே காவி அழுத்தமாகவே இருக்கும். இந்த ஒரு வித்தியாசமே ஷெட்டை மதுரைக்குக் கொண்டுவந்துவிடும். வண்ணத்தை வெளுக்க வெள்ளையைவிட இளமஞ்சள் கலப்பது நல்லது; வெள்ளை கலந்தால் மாவு பூசின மாதிரி ஆகும்.

சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துக்கு ஹேர் ஸ்ப்ரே. கீறிய செங்கலுக்கு முதலில் செம்பழுப்பு அடித்துக் காயவிடுங்கள். அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே இரண்டு கோட். அது காய்ந்ததும் சுவர் வண்ணத்தை மெல்லிசாக மேலே அடியுங்கள். தொட்டால் ஒட்டாத பதம் வந்தவுடன், தண்ணீரில் நனைத்த கட்டைப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மெல்லத் தட்டித் தேயுங்கள். அடியில் ஸ்ப்ரே கரைந்து மேல் வண்ணம் செதில் செதிலாகப் பெயரும். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் வண்ணம் இறுகிக்கொள்ளும், அப்புறம் பெயராது. கோடையில் இந்தப் பதம் சீக்கிரமே தாண்டிவிடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சுவர் மட்டும்.

அடுத்து தண்ணீரின் வேலை. மழை குறைச்சல்தான், ஆனால் ஐப்பசியில் பெய்தால் ஊற்றும். கூரைத் தண்ணீர் மேடை விளிம்புக்கு அந்தப் பக்கம் விழுந்து, செம்மண்ணைத் தூக்கி மேடைக் கல்லின் அடியில் அடிக்கும். ஆகவே செம்மண் கறை கீழிருந்து மேலே போகும். கீழே அடர்த்தி, இரண்டடி உயரத்தில் மங்கி மறையும். மெல்லக் கரைத்த செம்மண் நிறத்தில் டூத் பிரஷ்ஷைத் தொட்டு, கட்டை விரலால் தெறிக்க விடுங்கள். பிரஷ்ஷால் நேராக வரைந்தால் பட்டை அடித்தது போலாகும். திருமங்கலம் பக்கத்து ஷெட் என்றால் செம்மண் இல்லை, கரிசல். சாம்பல் கறுப்பில் தெறிக்கட்டும். கூரையில் ஓட்டை இருக்கிற இடத்துக்கு நேர் கீழே மட்டும் சுவரில் ஒரு கறுத்த ஒழுகல் கோடு. அடிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு இரண்டொன்று. தண்ணீர் தேங்கும் ஒரே ஒரு மூலையில், வடக்குப் பக்கமாக, பாசி. அவ்வளவுதான் பாசி.

தகரத்துக்கு வருவோம். நாகம் பூசிய தகரம் முதலில் பளபளப்பு போய் மங்கின சாம்பலாகும். பல வருஷம் அப்படியே இருக்கும். துரு தொடங்குவது வெட்டின ஓரத்தில், போல்ட் ஓட்டையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறின இடுக்கில். நடுத் தகரத்தில் திடீரென்று துரு வட்டம் வராது. அதனால் முழுக் கூரைக்கும் மங்கின சாம்பல். இடுக்குகளிலும் கீழ் ஓரத்திலும் கரும்பழுப்பு. போல்ட் புள்ளியிலிருந்து நெளிவுப் பள்ளம் வழியாகக் கீழே இறங்கும் மெல்லிய ஒழுகல். பழைய துரு கரும்பழுப்பு, புதுத் துரு ஆரஞ்சு. ஆரஞ்சு துளிதான் இருக்கவேண்டும். இரண்டு தகரம் மற்றவற்றைவிட மோசமாக இருக்கட்டும், எல்லாம் ஒரே வயதில் போட்டவை அல்ல. முகட்டில் காக்கை, புறா எச்சம் வெள்ளைப் புள்ளிகளாக.

உர மூட்டை இறங்குகிற ஷெட் என்றால் இரும்பு வேகமாக அரிக்கும். அந்தக் கதவுப் பக்கத்துத் தூண் அடி, கதவுத் தாழ்ப்பாள், தகர ஓரம் இவற்றில் துருவைக் கூட்டுங்கள். சிமெண்ட் ஷெட் என்றால் கதை வேறு: மூடிய கண்ணின் வாசலில் இளஞ்சாம்பல் படலம், மழைச்சாரல் பட்டு இறுகின சிமெண்ட் கட்டி ஒன்றிரண்டு தரையோடு ஒட்டி.

தண்டவாளப் பக்கமும் லாரிப் பக்கமும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை. தண்டவாளப் பக்கத்து மேடைச் சுவரில் செம்பழுப்புப் படலம் சீராக இருக்கும். வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து விழும் தூள் துருப்பிடித்து ஒட்டுவது அது. சாக் பேஸ்டலை உரசி எடுத்த தூளை மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டினால் போதும். லாரிப் பக்கத்தில் சீரான படலம் இல்லை, அடிகள்தான்: பின்னால் வந்து இடித்த இடத்தில் கல் விளிம்பு உடைந்து உள்கல் வெளுத்துத் தெரியும், டயர் ரப்பர் கறுப்பு, தரையில் டீசல் சொட்டு. டீசல் கறையை மட்டும் பளபளப்பாக விடலாம், மற்றதெல்லாம் மேட்.

கடைசியாக மனுஷக் கை. கதவு நிலையில் தோள் உயரத்துக்கு வியர்வையும் மூட்டைச் சணலும் தேய்த்துத் தேய்த்துப் பழுப்பேறிய ஒரு மினுக்கு இருக்கும். வாசலிலிருந்து மேடை விளிம்பு வரை, ஆட்கள் நடந்து தேய்த்த தடம் மற்ற தரையைவிட வெளிறி, வழவழவென்று. கதவுக்குப் பக்கத்தில் மூட்டை எண்ணிய சாக்பீஸ் கோடுகள், ஐந்தைந்தாக; கூரான வெள்ளைப் பென்சிலால் போடலாம். தூண் அடியில், ஆள் கண்ணில் படாத பக்கம், வெற்றிலை எச்சில். இதைச் செய்யச் சொல்லத் தயக்கம்தான், ஆனால் இல்லாமல் இருந்தால் அது நம்மூர் ஷெட் இல்லை. செங்காவி நிறத்தில் மூன்று புள்ளி, கீழே இழுத்த ஒரு கோடு. அதற்கு மேல் போனால் கொலை நடந்த இடமாகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ். மழைக்கால ஈரக் காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கவேண்டாம், வெண்புகையாகப் படிந்துவிடும். பிற்பகல் வெயில் நாளாகப் பார்த்து, நிழலில் வைத்து அடியுங்கள். வார்னிஷ் பட்டால் பேஸ்டல் தூள் பாதி காணாமல் போகும். அதனால் முதலில் கொஞ்சம் தூக்கலாகவே போட்டு வார்னிஷ் அடித்து, அப்புறம் ஒரு மெல்லிய புழுதிப் படலத்தை மேலே தட்டி அப்படியே விட்டுவிடுங்கள். சாம்பல் கலந்த செம்மண் நிறம். படுக்கையான பரப்புகளில் மட்டும், அதாவது மேடைத் தரை, ஜன்னல் திண்டு, கதவின் குறுக்குப் பட்டை. இந்தக் கடைசிப் படலம்தான் தனித்தனியாகப் போட்ட கறைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கிறது. இதன்பிறகு ஷெட்டை விரலால் தொடவேண்டாம்.

மூட்டையும் ஆளும்

ஐம்பது கிலோ மூட்டை மாடலில் சுமார் 8.5 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். எம்-சீலைப் பிசைந்து நீளமாக உருட்டி, துண்டு போட்டு, அது இறுகும் முன்பே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி லேசாக அழுத்துங்கள். ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு. இறுகின பிறகு அடுக்கினால் கல் அடுக்கினது போல இருக்கும், மூட்டையின் தொய்வு வராது. பழைய காலம் என்றால் சணல் பழுப்பு. எண்பதுகளுக்குப் பிறகு என்றால் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு அதிகம். திறந்த கண்ணில் ஒரு பிளாட்பாரத் தராசு, ஒரு கைவண்டி, மடித்துப் போட்ட தார்ப்பாய். ஆட்களில் ஒருவர் சும்மாடு வைத்து மூட்டையோடு வேகனுக்குள் காலெடுத்து வைக்கட்டும், இருவர் தூண் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற லோடு மேடையை நான் பார்த்ததில்லை.

இடத்தில் பொருத்துவது

கூரையை ஒட்டிவிடாதீர்கள். தூக்கி எடுக்கும்படி வைத்தால் பின்னால் உள்ளே விளக்குப் போடவோ உடைந்த சட்டத்தை மாற்றவோ முடியும்.

ஷெட்டைச் சுற்றித் தூவ நிஜ மண்ணே நல்லது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, காந்தத்தை அதன்மேல் பலமுறை ஓட்டுங்கள். நம் மண்ணில் இரும்புத் துகள் நிறைய. அதை எடுக்காமல் விட்டால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் எடுத்துக்கொள்ளும், மோட்டார் கெடும். மேடைச் சுவரும் தளப்பலகையும் சேரும் இடுக்கு கோடாகத் தெரியும். மண்ணைக் குவித்து அதை மறையுங்கள். பெவிகாலைச் சரிபாதித் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சொட்டுமருந்துக் குழாயால் மண்ணின்மேல் விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. ஈரத்தில் மண் கறுத்துத் தெரியும், காய்ந்தால் கிட்டத்தட்ட பழைய நிறத்துக்கு வரும். கவலைப்பட்டு மேலும் மண் தூவவேண்டாம்.

ராத்திரி முழுக்கக் காயட்டும். காலையில் தண்டவாளத் தலையைத் துடைத்துவிட்டு, உங்களிடம் உள்ள நீள வண்டியையும் அகல வண்டியையும் ஷெட் லைனில் முன்னும் பின்னும் ஒருமுறை கையாலேயே தள்ளிப் பாருங்கள். மண் ஏறி மேடை விளிம்பில் எங்காவது உரசினால் பசை முழுசாக இறுகும் முன்பே கட்டரால் சுரண்டி எடுத்துவிடலாம்.